யாரும் திறக்காத பவுன்ஸ் பெட்டி

எனக்கு லீவு நாளான அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மலர் அக்கா செருப்பைக் கழற்ற மறந்து சங்க அலுவலகத்துக்குள் வந்தார்.

"தம்பி, மெயில் போயிட்டுது எண்டு சொன்னாய். வேலை தாறவைக்கு ஒண்டும் வரேல்லையாம்! பன்ரெண்டு மணிக்குள்ளை வராட்டில் வேறை ஆளை எடுக்கினமாம்."

பன்னிரண்டு வருடம் சின்யோரா என்று கூப்பிடும் இந்த ஊர் எசமானிகளின் வீடுகளில் தரை துடைத்தவர் அக்கா. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. சம்மதக் கடிதத்தையும் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவின் பிரதியையும் செவ்வாயன்றே அனுப்பியிருந்தோம்.

"போனது எண்டுதான் இஞ்சை காட்டுது, அக்கா."

"போனது எண்டால் போய்ச் சேர்ந்ததோ?"

நான் துறைமுகப் பக்கம் ஒரு கம்பனியில் மெயில் சர்வர் பார்ப்பவன். லீவு நாட்களில் போர்கோ வெக்கியோவில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சர்வரையும் பார்ப்பேன். சங்கத்தில் ஒரு வழக்கம்: யாருடைய அலுவலோ, அவர் பெயரில்தான் கடிதம் போகவேண்டும். அதனால் சங்கத்து இணைய ஃபோர்மில் எழுதினால், அனுப்புநரைக் காட்டும் ஃப்ரம் என்ற இடத்தில் அவரவர் சொந்த மெயில் முகவரி விழும்படி நானே செய்துவைத்தேன். மரியாதையான ஏற்பாடு என்று எனக்குப் பெருமை, ஒரே புளுகம்.

இல்லத்து மெயிலில் கள்ளக் கடிதங்களைத் தடுக்கும் ஸ்பாம் ஃபில்டருக்கு மரியாதை தெரியாது. அது கடிதத்தின் தலைப்பகுதியான ஹெடரைப் பார்க்கும். ஃப்ரம்மில் அக்காவின் முகவரி. அனுப்பியது சங்கத்துச் சர்வர். அக்காவுக்கு முகவரி கொடுத்த மெயில் கம்பனியோ, தன் சர்வர் அனுப்பாத எதையும் ஏற்கவேண்டாம் என்று ஊருக்கே அறிவித்திருக்கிறது. ஃபில்டர் அதைக் கள்ளக் கடிதம் என்று வாசலிலேயே திருப்பிவிட்டது.

கம்பனியில் நான் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்த விஷயம் இது. வெட்கக்கேடு!

"அக்கா, உங்கடை ஃபோனைத் தாங்கோ."

அவருடைய சொந்த மெயிலில் இருந்தே அனுப்பினோம். அக்கா இல்லத்துக்குப் பேசிவிட்டுக் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"வந்திட்டுதாம், தம்பி!" கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்படியானால் திரும்பிய கடிதம் எங்கே? கடிதம் திரும்பிவிட்டது என்று சொல்லும் பவுன்ஸ் அறிவிப்பு ஃப்ரம் முகவரிக்குப் போகாது. ஹெடரில் ரிட்டர்ன் பாத் என்ற வேறொரு வரியில் உள்ள முகவரிக்குப் போகும். அது சர்வரிலேயே ஒரு பெட்டி. நான் ஒருநாளும் திறக்காத பெட்டி. திறந்தேன். அக்காவின் கடிதத்துக்குக் கீழே யோகன் அண்ணையின் கடிதம் கிடந்தது.

அண்ணை போன மாரிக்காலத்தில் ஒரு ஹோட்டல் வேலைக்கு எழுதியவர். பதில் வரவில்லை. "எங்கடை பேரைப் பார்த்திட்டுக் குப்பையிலை போட்டிருப்பாங்கள்" என்றவர், அதற்குப் பிறகு எங்கும் எழுதவில்லை. நானும் "ஓம் அண்ணை" என்று தலையாட்டியிருந்தேன்.

அன்றே அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உங்கடை கடிதத்தை அவை காணவே இல்லை. பிழை என்னிலைதான்."

ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப, அவை என்னை வேண்டாமெண்டு சொல்லேல்லை, என்ன?"

"இல்லை அண்ணை."

"ஒரு வருசம் நான் அப்பிடித்தானேடா நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அன்றிரவே சங்கத்து ஃபோர்மைத் திருத்தினேன்.

இப்போது ஃப்ரம்மில் சங்கத்தின் முகவரிதான். பதில் மட்டும் அவரவருக்குப் போகும். தினமும் காலையில் முதல் வேலையாகப் பவுன்ஸ் பெட்டியைத் திறக்கிறேன். சர்வர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கடிதம் ஏன் திரும்பியது என்று நீங்கள் போய்ச் சொல்லாவிட்டால், அனுப்பியவர் தானாக ஒரு காரணம் நினைத்துக்கொள்வார். பிறகு அந்தக் காரணத்தோடுதான் அவர் வேலைக்குப் போவார், வீட்டுக்கு வருவார்.