எந்தக் கோயிலுங்க தம்பி?

எங்கள் பக்கத்தில் விருந்தாளியிடம் யாரும் சாதி கேட்பதில்லை. அவ்வளவு மரியாதை கெட்டவர்கள் அல்ல நாங்கள். எந்தக் கோயில் என்றுதான் கேட்போம். குலசாமி இன்ன ஊரில் என்று சொன்னால் போதும், மிச்சத்தைக் கண்டுபிடித்துக்கொள்வோம்.

சென்னையில் என்னோடு வேலை பார்த்தவனைக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்த பிறகு, ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஆபீஸ் நண்பர் என்று சொல்லி மல்லசமுத்திரத்துக்கு அழைத்துப் போனேன். முதலில் வீட்டுக்கு அவனைப் பிடிக்கட்டும், அவன் வேறு சாதி என்பதை மெதுவாகச் சொல்லலாம் என்பது என் கணக்கு. அப்பா இல்லாத எனக்குப் பெரியப்பாதான் எல்லாம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழிலைப் போட்டுவிட்டு அவரே காரை எடுத்தார்.

நாமக்கல் கோட்டைக்கு ஏறினோம். "மல முழுக்க ஒரே கல்லுங்க தம்பி. எத்தனையோ பேரு வந்து புடிச்சாங்க, ஒருத்தனும் தங்கல. கல்லுதான் இருக்குது," என்றார். அவன் போட்டோ எடுக்க ஓரத்துக்குப் போனான். "பாத்து நில்லுங்க, செவுரு கட்டை." தோளில் கை வைத்து உள்ளே இழுத்துவிட்டார். கையை உடனே எடுக்கவில்லை.

சேலத்தில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் சட்னியும் வைத்தது. அவன் மூன்று செட் தின்றான். நாலாவதை அவரே நீட்டிக்கொண்டு, "ஏனுங்க, உங்களுக்கு எந்தக் கோயிலுங்க தம்பி?" என்றார்.

நான் சொல்லிக்கொடுத்ததை அவன் ஒப்பித்தான். கெங்கவல்லிப் பக்கம் ஓர் அம்மன் கோயில். எங்கள் சாதியில் சிலருக்கு அது குலசாமி. ஆனால் சேலம் மாவட்டத்தின் கிழக்குக் கோடி, எங்கள் வீட்டோடு கொள்வினை கொடுப்பினை இல்லை. யார் போய் விசாரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"அட, இத்தனை தூரம் வந்துட்டு குலசாமியக் கும்புடாமப் போறதாவது! காலைல நானே கூட்டிட்டுப் போறனுங்க."

நுணலாவது தன் வாயால் கெடும். நான் அவன் வாயால் கெட்டேன்.

மறுநாள் கோயிலில் பூசாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். எங்களில் எந்தப் பிள்ளைக்கும் முதல் மொட்டை குலசாமி கோயிலில்தான். "தம்பிக்கு மொத மொட்டை எங்கப்பா காலத்துல அடிச்சதா? முகம் தெரியலியே," என்றார். அவன் என்னைப் பார்த்தான். பெரியப்பா கோபுரத்தைப் பார்த்தார். இந்த ஒன்றை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் பெரியப்பா ஓர் இடத்தில் நிறுத்தி ஒரு பை மாம்பழம் வாங்கினார். வண்டி நேராகச் சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றது. அவர் இறங்கி டிக்கியைத் திறந்தார், முன் சீட்டிலிருந்து அவனும் இறங்கிப் பின்னால் போனான். அவனுடைய துணிப்பை அங்கே இருந்தது. காலையில் புறப்படும்போதே வைத்திருக்கிறார். என் பை இல்லை.

"மெட்ராஸ் பஸ்ஸுல ஒரு சீட்டு சொல்லியிருக்குதுங்க தம்பி. பழம் ரெண்டு நாள்ல பழுத்துரும்." மாம்பழப் பையை அவன் கையில் கொடுத்தார். "போங்க."

பகையாளியைக்கூடப் போயிட்டு வாங்க என்று அனுப்புகிற ஊர் எங்களுடையது.

நான் பின் சீட்டில் கதவின் கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்காகப் போடுகிற பூட்டைப் போட்டிருந்தார். உள்ளேயிருந்து திறக்காது, வெளியிலிருந்து திறக்கும். அது அவனுக்கும் தெரியும். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து கைப்பிடியில் கை வைத்தான். அவன் முதுகுக்குப் பின்னால் பெரியப்பா பொறுமையாக நின்றிருந்தார். கோட்டையில் அவன் தோளில் இருந்த அந்தக் கையைப் பார்த்தேன்.

வேண்டாம் என்று நான்தான் தலையாட்டினேன்.