பாட்டுக்கு மார்க் போடும் பலவேசம்

"ஆ..." என்று மைக்கில் நீட்டி முழக்குகிறார் பலவேசம். கம்ப்யூட்டர் திரையில் மெட்டின் பச்சைக் கோடு ஒரு பக்கம் போக, இவருடைய சிவப்புக் கோடு அதன் கிட்டேயே வராமல் தள்ளாடுகிறது. கடைசியில் மார்க் விழுகிறது: நாற்பத்தொன்று. "மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்று திருப்தியோடு தலையை ஆட்டிக்கொள்கிறார். தன் குரலுக்கு எழுபது விழுந்தால்தான் கோளாறு என்று அர்த்தமாம். தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை இதுதான்.

ஏழாயிரம்பண்ணையில் டிடிபி கடை. பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு மயிலும் சிங்கமும் வைத்து எழுத்துக் கோப்பது பிழைப்பு. இரண்டாயிரத்து ஐந்தில் சென்னைக்குப் போனவர் ஒரு சிடி வாங்கி வந்தார். மெட்டைக் கொடுத்துவிட்டால், பாடுகிறவர் எங்கே ஏறினார், எங்கே வழுக்கினார் என்று கோடு போட்டுக் காட்டி நூற்றுக்கு மார்க் சொல்லும் சாஃப்ட்வேர். அன்றைக்குப் பிடித்தது மனுஷனுக்குப் பித்து. மினிபஸ் ஹாரனுக்கு ஐம்பத்தைந்து, ஐஸ்காரர் கூவலுக்கு அறுபத்திரண்டு. மனைவி குருவம்மாள் திட்டினால்கூட "சுருதி சேந்திருக்கு, எண்பது" என்பார். அன்றைக்குச் சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

மைக்கை மட்டும் யார் கையிலும் தர மாட்டார். பாடுகிறவர் வாய்க்கு நேரே, ஒரு சாண் தள்ளி, தானே பிடித்துக்கொள்வார். "கிட்டக்கப் போனா ஒரு மார்க்கு, தள்ளிப் போனா ஒரு மார்க்கு வரும். எல்லாருக்கும் ஒரே சாணுதான். மிஷினுக்கு மாமன் மச்சான் கெடையாதுல்ல?"

அந்தப் பேச்சை நம்பித்தான் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்து போகும் பாதயாத்திரைக் குழு பாட்டுப் போட்டியை அவரிடம் ஒப்படைத்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு, வழி நெடுக மைக் பிடித்து அம்மன் பாட்டுப் பாட ஒரே ஓர் ஆள். போன வருஷம் அதற்காக மண்டை உடையாத குறை. "இந்தத் தடவ கம்ப்யூட்டரே சொல்லட்டும்" என்றுவிட்டார் குழுத் தலைவர் தங்கச்சாமி. பலவேசமும் ஒரு கீபோர்டுக்காரரை வாசிக்கவைத்து, அம்மன் பாட்டின் மெட்டை மிஷினுக்கு ஊட்டினார்.

போட்டிக்கு வந்தவர்களில் ஒருவர் வீரலட்சுமி. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலை. தீக்காயம் பட்ட கணவருக்குக் கண் பிழைத்ததற்காக, அம்மன் வாசல் வரைக்கும் பாடி வருவதாக நேர்ந்திருந்தார். அவரைப் போலப் பாட ஊரில் ஆளில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மிஷின் ஐம்பத்திரண்டு என்றது. கல்லூரியில் படிக்கும் ரோஜாவுக்கு எண்பத்தெட்டு.

"எங்கனண்ணே தப்புச்சு?" என்று மட்டும் கேட்டார் வீரலட்சுமி. கண் கலங்கியிருந்தது.

பலவேசம் திரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நம்பர்ல கை வச்சா நாளைக்கு எவன் நம்புவான் தங்கச்சி?" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகும் வீரலட்சுமியின் பாட்டைத் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கோடு பச்சையை விட்டு இம்மியும் பிசகவில்லை. ஆனால் வரிக்கு ஒரு தடவை, ஒரே அளவில், அறுந்து அறுந்து கிடந்தது. அறுந்த இடத்துக்கெல்லாம் மிஷின் சைபர் போட்டிருந்தது. டீ கொண்டு வந்த குருவம்மாள் எட்டிப் பார்த்தார். அவரும் வீரலட்சுமியைப் போல மருந்து அடைக்கப் போகிறவர்தான்.

"இதுகூடத் தெரியலையாக்கும்? குளாய்க்குள்ள மருந்தக் கொட்டும்போது மூச்சு விட்டா தூசி மூக்குல ஏறிரும். அந்நேரம் மூச்சப் பிடிச்சுக்கிடுவோம். வேலையோட வேலையாப் பாடிப் பாடி அதுவே பளகிப்போச்சு. நாங்க எல்லாருமே அப்பிடித்தான் பாடுவோம். நீங்க என்னைக்கு எம் பாட்டக் கேட்டீக?"

பலவேசம் டீயைக் குடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே தங்கச்சாமி வீட்டுக்குப் போனார். "அவுக மூச்சப் பிடிச்ச எடத்தையெல்லாம் மிஷின் தப்புன்னு எண்ணிருச்சு பெரியவரே. அதுக்கு மெட்டச் சொல்லிக் குடுத்தவன் நாந்தான்."

தங்கச்சாமி முறைத்தார். "மாமன் மச்சான் கெடையாதுன்னு சொன்னது நீதானலே? சரி, நாளைக்கு ரெண்டு பேரையும் திரும்பப் பாடச் சொல்லு. ஊரு முன்னால நீயே ஒன் வாயால மார்க்கு சொல்லணும்."

மறுநாள் ரோஜா பாடினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து வீரலட்சுமி. பலவேசம் திரையை அணைத்துவிட்டு, வழக்கம்போல ஒரு சாண் தள்ளி மைக்கைப் பிடித்தார். பாட்டு ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அந்த இடத்தில் மூச்சை அடக்கினார்கள், குருவம்மாளும்தான். மூன்றாவது வரியில் பலவேசமும் அடக்கினார்.

பாட்டு முடிந்தது. "எம்புட்டுலே?" என்றார் தங்கச்சாமி.

மினிபஸ் ஹாரனுக்கே மார்க் போட்ட மனிதர், கம்ப்யூட்டரில் செருகியிருந்த மைக் ஒயரைப் பிடுங்கி, நிதானமாகச் சுருட்டி, மைக்கை வீரலட்சுமியின் கையில் கொடுத்தார்.