தையல் ஆறும் வரை எருமப்பட்டி

சேலம் பேருந்து நிலையத்தில் காலை ஒன்பது மணிக்கு மச்சான் ஒரு தலையணையோடு நின்றிருந்தார். அக்காவைக் கட்டியவர். மூன்று வருடமாக என்னோடு பேசாதவர். "பஸ்ஸுல குலுங்கும் மாப்ள. அடியில வெச்சு உக்காருங்க" என்று தலையணையை நீட்டினார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கோயம்புத்தூரில் மில் வேலையில் இருந்தபோது நான் மார்மன் என்னும் கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, பிறகு அதன் ஊழியக்காரனாகவும் ஆகியிருந்தேன். சேர்ந்த நாளிலிருந்தே அக்கா வீட்டோடு பேச்சு அற்றுப்போயிருந்தது. வெள்ளைச் சட்டை, டை, சட்டைப் பையில் கறுப்புப் பெயர்த் தகடு. எங்களை 'எல்டர்', அதாவது மூப்பர், என்று அழைப்பார்கள். மீசை சரியாக முளைக்காத வயதில் அப்படியொரு பட்டம். தனியாக எங்கும் போகக் கூடாது என்பது விதி. எனக்குத் துணை எல்டர் பிரசாத், ராஜமுந்திரிக்காரர். சேலத்தில் எங்கள் சபைக் குடும்பம் ஒன்றைப் பார்க்க வந்த இடத்தில் எனக்கு அடிவயிற்றில் வலி வந்து சுருண்டேன். குடலிறக்கம் என்றார் டாக்டர். சின்ன ஆபரேஷன்தான், சேலத்திலேயே முடிந்தது. ஆனால் ஒரு மாதம் சைக்கிள் மிதிக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது. கோவையில் எங்கள் அறை இருந்ததோ மூன்றாம் மாடி. சொந்தக்காரர் வீடு பக்கத்தில் இருந்தால் அங்கே ஓய்வெடுக்கும்படி சபைத் தலைவர் தொலைபேசியில் சொன்னார். வேறு வழியில்லாமல் அக்காவுக்குத் தகவல் அனுப்பினேன்.

ஆண்டகளூர் கேட் தாண்டியதும் சாலை மோசமாயிற்று. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மச்சான் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ராசிபுரத்தில் நெய் விற்கும் பெண்கள் தூக்குப்போசியோடு ஏறினார்கள். மச்சான் பின்னால் திரும்பி பிரசாத்திடம் தெலுங்கில் பேசத் தொடங்கினார். போர்வெல் ரிக் வண்டியோடு ஆந்திரா முழுக்கச் சுற்றியவர் அவர். எனக்கு அந்தப் பாஷை புரியாது. குரல் தாழ்ந்திருந்தது, முகம் இறுகியிருந்தது. என்னைச் சபையிலிருந்து பிரிக்கப் பேசுகிறார் என்று நினைத்தேன். வயிற்றில் தையல் இழுத்ததை விட அது அதிகமாக வலித்தது.

நாமக்கல்லில் இறங்கி, மலைக்கோட்டைப் பாறையின் நிழல்பக்கம் இளநீர் குடித்தோம். மச்சான் இளநீர்க்காரரிடம் கத்தியைத் துடைக்கச் சொன்ன நேரத்தில் பிரசாத்திடம் கேட்டேன்.

"என்ன பேசினார்?"

"ஆபரேஷன் பத்தி மட்டும்தான்" என்றார் பிரசாத் தன் தமிழில். "ரத்தம் நெறைய வந்துச்சா, நீங்க கத்துனீங்களா, அதே கேட்டாரு."

அதை எதற்கு இவ்வளவு ரகசியமாகக் கேட்டார் என்று விளங்கவில்லை. துறையூர் பஸ் பிடித்தோம். சோளக்காடுகள், மரவள்ளி ஏற்றிய லாரிகள், வடக்கே நீலமாகக் கொல்லிமலை. எருமப்பட்டியில் இறங்கியபோது உச்சிவெயில்.

அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். "வா சாமி" என்றாள். காப்பி கொண்டுவந்தாள். எங்கள் சபையில் காப்பியும் டீயும் குடிப்பதில்லை என்று சொல்லத் தயங்கி நின்றேன். பிரசாத் சொல்லிவிட்டார். வந்ததுமே அக்கா கோபித்துக்கொள்ளப் போகிறாள் என்று பயந்தேன். "அதுக்கென்ன, மோரு இருக்குதுங்க" என்று அவரிடம் சொல்லி உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போய் வழிபட முடியாது. வீட்டிலேயே திருவிருந்து நடத்தத் தலைவரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தோம். மரவள்ளிக் கிழங்கு மூட்டைகள் அடுக்கிய அறையில் பிரசாத்தும் நானும் ஒரு பன்னைப் பிட்டு ஜெபித்து உண்டோம், கிணற்றுத் தண்ணீரைச் சின்ன டம்ளரில் பகிர்ந்து குடித்தோம். முழங்கால் போட என்னால் முடியவில்லை. மூட்டைமேல் சாய்ந்தபடி தலை குனிந்தேன். நிமிர்ந்தபோது அக்கா கதவோரம் நின்றிருந்தாள்.

"இவ்வளவுதானா உங்க பூசை?"

"இவ்வளவுதான் அக்கா."

"நான் என்னமோ ஏதோன்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்று மாலை மச்சான் என்னை மெதுவாகக் கிணற்றடி மோட்டார் ரூம் வரை நடத்திப் போனார். உள்ளே போனதும் வேட்டியைத் தளர்த்தி, இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது. எனக்கு வந்த அதே நோய். இரும்புக் குழாய் தூக்கித் தூக்கி வந்தது.

"எத்தனை நாளா மச்சான்?"

"அது ஆச்சு ரெண்டு வருசம். உங்கக்காளுக்குத் தெரியாது." வேட்டியை இறுக்கிக் கட்டினார். "முதுகுல ஊசி போட்டா நெசமாலுமே தெரியாதுங்களா?"

"அறுக்கறது தெரியாதுங்க. ஆனா முழிச்சுத்தான் இருப்போம்."

"அப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?"

பாட்டுப் பாடினேன், கடவுள் பக்கத்தில் இருந்தார், பயமே இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீடு வீடாகப் போய்ச் சொல்லப் பழகிய வாய். உண்மையைத்தான் சொன்னேன்.

"ஜெபம் பண்ணப் பாத்தேன். வார்த்தையெல்லாம் மறந்து போச்சு. ரொம்பப் பயமா இருந்துச்சுங்க மச்சான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாமிக்கே வேலை செய்யற உங்களுக்கே பயமா?"

"ஆமாங்க."

பெரிய மூச்சு ஒன்று விட்டார். "அப்பச் சரி" என்றார். தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தவர்போல் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அக்காவிடம் அன்றே சொன்னோம். அழுதாள், திட்டினாள், பிறகு மஞ்சள் துணியில் காசு முடிந்து மாரியம்மனுக்கு எடுத்து வைத்தாள். என் தையல் ஆறியதும் நால்வரும் சேலத்துக்குப் புறப்படுவது என்று முடிவாயிற்று.

புறப்படும் காலையில் மச்சான் பிரசாத்திடம் கேட்டார். "மாப்பிள்ளைக்கு ஆபரேஷனுக்கு முன்னால தலையில எண்ணெய் வெச்சு என்னமோ சொன்னீங்களாமா. அதை வெச்சா நானும் உங்க கூட்டத்துல சேரோணுமா?"

"இல்லீங்க" என்றார் பிரசாத். "கேட்டா வெப்போம். கட்டாயம் எதுவும் இல்லை."

"அப்ப வெய்யுங்க."

பிரசாத் குப்பியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயை அவர் உச்சியில் வைத்தார். இருவரும் அவர் தலைமேல் கை வைத்தோம். நான் தமிழில் ஜெபித்தேன். இந்தமுறை வார்த்தை வந்தது. முடிந்ததும் அக்கா அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். மச்சான் இரண்டையும் துடைக்காமல் பஸ் ஏறினார்.

மறுநாள் முற்பகல் ஆபரேஷனுக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தா பெஞ்சில் அக்கா என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்து டாக்டர் வந்து, "நல்லா இருக்காரு" என்றதும் அவள் கை தளர்ந்தது. மச்சானைப் படுக்கையோடு தள்ளி வந்தபோது கண் விழித்திருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஒண்ணுமே தெரியல மாப்ள. ஆனா பயந்தேன்."

அவர் எழுந்து நடக்கும் வரை சேலத்துச் சபைக் குடும்பத்தின் வீட்டில் தங்கி, தினமும் போய்ப் பார்த்தோம். பிறகு ஒரு பிற்பகலில் கோயம்புத்தூர் பஸ் ஏறினோம். "இனிமே வருசமாகறதுக்குள்ள வந்துட்டுப் போவோணும், இந்தத் தம்பியையும் கூட்டிக்கிட்டு" என்று அக்கா சொல்லியனுப்பினாள். சங்ககிரி தாண்டியதும் பிரசாத் தூங்கிப்போனார். என் அறையையும் சைக்கிளையும் நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து நாங்கள் தட்டப் போகும் கதவுகளையும் நினைத்தேன். மூன்று வருடமாக ஒவ்வொரு ராத்திரியும், அக்கா வீட்டுக் கதவு எனக்குத் திறக்க வேண்டும் என்று கேட்டே ஜெபித்து வந்தவன் நான். பவானிப் பாலத்தில் ஜெபிக்கக் கண்ணை மூடினேன். கேட்க எதுவும் இல்லை.