தண்டவாளத்தில் நின்று விமானத்தைத் திட்டினேன்

சங்கரன்கோவில் பக்கம் பருத்திக்கு மருந்து அடிக்க வரும் விமானம், எங்கள் தெருவுக்கு மேலேதான் தாழப் பறந்து திரும்பும். தொட்டில் பிள்ளை அலறும். எருமை பால்செம்பை உதைக்கும். தெருவே வாசலில் நின்று திட்டும். எனக்கு வசவு கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

அன்று புல்லுக்கட்டோடு தண்டவாளத்தைத் தாண்டும்போது தலைக்கு மேலே அதே இரைச்சல். கட்டைக் கீழே போட்டுவிட்டு, "ஏலே, ஒங்க வீட்டு மேல போயி ஓட்டுல!" என்று அண்ணாந்து கத்தினேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மா ஓடிவந்து என்னை இழுத்துத் தள்ளினாள். புல்லுக்கட்டைச் சிதறடித்துக்கொண்டு ரயில் போனது.

"ஆச்சி, ரயிலு ஊதுனது கேக்கலியா? போயிருப்பியளே!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எப்படிட்டி கேக்கும்? அந்தச் சத்தத்துல என் வசவே எனக்குக் கேக்கல."

விமானம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நானும் திட்டாமல் விடுவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் தண்டவாளத்தைத் தாண்டிய பிறகுதான் அண்ணாந்து பார்க்கிறேன்.