சனிக்கிழமை உருவலும் திங்கட்கிழமை உடம்பும்

"உண்ணி மாட்டையும் நாயையும் எல்லோ பிள்ளை கடிக்கிறது? உன்னை ஏன் கடிச்சது?"

அன்ரி என் அறைக்கு முதன்முதலாக வந்த சனிக்கிழமை கேட்டது இது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நல்லெண்ணெயைச் சூடாக்க அடுப்பு எங்கே என்று கேட்டபடி உள்ளே போய்விட்டார்.

அவர் எனக்கு உறவில்லை. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பல் முழுவதும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடும், ஆன்ட்டி என்பதன் யாழ்ப்பாண உச்சரிப்பில். யாழ்ப்பாணத்துக்காரர், புறநகரான பொபினியில் இருக்கிறார். குழந்தை பிறந்த தமிழ் வீடுகளுக்குப் போய் முப்பத்தொரு நாளும் தாய்க்கு எண்ணெய் பூசி உருவிவிடுவார், சுடுதண்ணீர் வார்ப்பார், குழந்தையைக் குளிப்பாட்டுவார். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் கோயம்புத்தூர் பெண்தான், அலுவலகத்தோழி ஒருத்தியின் பிரசவத்தில் இவரைப் பார்த்துவிட்டு எனக்காக அழைத்து வந்தாள்.

எனக்குப் பிரசவம் ஆகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், ஆய்வுக்கு மண் எடுக்கப் போன காட்டில், எள்ளளவு உண்ணி ஒன்று முழங்காலுக்குப் பின்னால் கடித்தது. பின்னால் என்பதால் சிவப்பு வட்டம் விரிந்ததை நான் பார்க்கவே இல்லை. மூட்டுகள் வீங்கிய பிறகுதான் இரத்தப் பரிசோதனை, லைம் நோய் என்ற பெயர், வாரக்கணக்கில் மாத்திரை. மாத்திரை முடிந்தது, நோவு முடியவில்லை. நாள்பட்ட லைம் என்று ஒரு மருத்துவர் சொன்னார், அப்படி ஒன்று கிடையாது, இது வேறு என்று இன்னொருவர் சொன்னார். பெயருக்காக அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், எங்கள் வீடு இருக்கும் நான்காவது மாடிக்கு ஏற முடியாமல் இரண்டாவது மாடியில் உட்காருகிறவள் நான்.

இந்த ஜூனில் என் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு. ஐந்து தேர்வாளர்களுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேச வேண்டும். அதற்குமேல் இரண்டு மணி நேரம் கேள்விகள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அந்த மேடையில் நிமிர்ந்து நின்று பேச வேண்டும் என்பதற்காக எதைச் செய்யச் சொன்னாலும் செய்திருப்பேன். அதனால்தான் அன்ரி சொன்னபடி தரையில் குப்புறப் படுத்தேன்.

அவருடைய கை லேசான கை அல்ல. முதுகெலும்பின் இருபக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மேலிருந்து கீழே போவார். இடுப்பில் முழங்கையை ஊன்றுவார். பிள்ளை பெற்ற உடம்பு அதைத் தாங்கும் போலிருக்கிறது.

"அன்ரி, கொஞ்சம் மெதுவா. வலிக்குது."

"நோகத்தானே வேணும். நோகாட்டி நான் ஏன் வந்தனான்?"

"மெதுவா அழுத்தினாப் போதும்."

"தடவுறதுக்கெண்டால் ஒரு பூனையை வாங்கி வளத்திருக்கலாமே பிள்ளை. பேசாமல் படு."

ஒரு மணி நேரம் கழித்து, மஞ்சளும் வேப்பிலையும் அவித்த தண்ணீரைத் தோள் எரிய எரிய ஊற்றினார். போர்வையால் சுற்றி உட்காரவைத்து, பிள்ளை பெற்றவர்களுக்கு வைக்கும் சரக்குக்கறியைச் சோற்றில் பிசைந்து கொடுத்தார். மிளகும் மல்லியும் பூண்டுமாகத் தொண்டை பற்றி எரிந்தது. கோயம்புத்தூர்த் தோழி கதவோரம் நின்று, "குழந்தை எங்கடி?" என்றாள். அன்று மாலை வரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. இதை ஏன் முன்பே செய்யவில்லை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது பஞ்சு கல்லாகியிருந்தது. தாடையிலிருந்து கணுக்கால் வரை வலி. குளிர் நடுக்கம். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது எங்கே முடிய வேண்டும் என்பது மறந்துபோனது. அன்ரியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஓம், வரும். உள்ளுக்கை கிடந்த நஞ்செல்லாம் வெளியிலை வருது. நல்லதுக்குத்தான். வாற சனி இன்னும் கொஞ்சம் அழுத்தி விடுறன்."

தோழி தன் பங்குக்குக் கைப்பேசியை நீட்டினாள். "இங்க பாருடி, லைம் க்ரூப்ல எல்லாரும் அதான் போட்டிருக்காங்க. டாக்ஸின்ஸ் வெளிய போகுது. எவ்ளோ மோசமா ஃபீல் பண்றியோ அவ்ளோ நல்லது."

எவ்வளவு மோசமோ அவ்வளவு நல்லது! மண்ணில் நைட்ரஜன் எவ்வளவு என்பதை மூன்று முறை அளந்தும் நம்பாத நான் இதை நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அடுத்த சனிக்கிழமையும் படுத்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

நான்காவது வாரம் கீழே மளிகைக் கடையில் பால் வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த அண்ணை முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஒரு சொல்லுச் சொல்லேல்லை? பொடியனோ, பெட்டையோ?"

"என்ன அண்ணை?"

"அன்ரி ஒவ்வொரு சனியும் உங்கடை படி ஏறுறா. எங்களுக்கு விளங்காதே? இந்தாங்கோ, சரக்குத்தூள். புதுசா வந்தது."

"எனக்குக் குழந்தையெல்லாம் இல்லை. உண்ணி கடிச்சது."

"உண்ணியோ? பரிஸிலையோ?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற அம்மா ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், எனக்குக் கேட்கும்படியாகவே, "இப்ப இதுக்கு உண்ணியெண்டு பேர் வச்சிருக்கினம்" என்றார். கடை முழுவதும் கமுக்கமாகச் சிரித்தது. பாலை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். மாடி ஏறும்போது இரண்டாவது மாடியில் வழக்கம்போல் உட்கார வேண்டியிருந்தது. அன்று நோவைவிட எரிச்சலே அதிகம். கல்யாணம் ஆகாதவளுக்குக் குழந்தை என்பதை இந்தத் தெரு உடனே நம்புகிறது. நோய் என்றால் சான்று கேட்கிறது.

ஊரில் இருக்கும் அம்மாவிடம் புலம்பினேன். அவர் எப்போதும் சொல்வதையே சொன்னார்: "நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?" அதற்குமேல் அந்தப் பேச்சு எங்கேயும் போகாது. எல்லாம் தெரிந்தவளாக நான் தொலைபேசியை வைத்தேன்.

பிறகு வந்தது ஒத்திகை. தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு, ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் பேசிப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை. உடம்பு தெம்பாக இருக்கட்டும் என்று வியாழக்கிழமையே அன்ரியை வரவழைத்தேன். இதைப் போன்ற முட்டாள்தனத்தை என் வாழ்க்கையில் வேறு செய்ததாக நினைவில்லை.

திரையில் எட்டாவது படம் வந்தபோது கால் நடுங்கத் தொடங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். 'ஈரப்பதம்' என்பதற்கான பிரெஞ்சுச் சொல், மூன்று வருடமாக நாளுக்கு இருபது முறை சொல்லும் சொல், வாயில் வரவில்லை. அதைச் சுற்றிச் சுற்றிப் பேசினேன். பதினோராவது படத்தில் நிறுத்தினேன். களைப்பா என்று மேற்பார்வையாளர் கேட்டார். நேற்று சரியாகத் தூங்கவில்லை என்று பொய் சொன்னேன். தேர்வைச் செப்டெம்பருக்குத் தள்ளிவைக்கலாமா, யோசித்துச் சொல் என்றார். என் ஊதியம் ஜூனோடு முடிகிறது, தங்கும் அனுமதியும் அதோடு கட்டப்பட்டது. செப்டெம்பர் என்றால் எனக்குத் தேர்வே இல்லை என்றுதான் பொருள்.

திங்கட்கிழமை மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடம் போனேன். நஞ்சு வெளியேறுகிறது என்ற கதையை, கொஞ்சம் நல்ல பிரெஞ்சில், அப்படியே ஒப்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன நஞ்சு? யார் அளந்தார்கள்?"

நானும் அளக்கவில்லை, அன்ரியும் அளக்கவில்லை. ஒவ்வொரு முறை உருவிய பிறகும் எத்தனை நாள் படுக்கை என்று கேட்டார். அதையும் நான் எண்ணவில்லை. மண்ணுக்கு மூன்று வருடக் குறிப்பேடு வைத்திருப்பவள், என் உடம்புக்கு ஒரு வரி எழுதி வைக்கவில்லை. கைப்பேசியை எடுத்து மின்னஞ்சல்களைத் தேடினேன். எங்கள் ஆய்வகக் கூட்டம் திங்கட்கிழமைகளில். அன்ரி வந்த ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் அடுத்த திங்கள், 'இன்று வர இயலாது' என்று நான் அனுப்பிய கடிதம் இருந்தது. அன்ரி ஒரு பிரசவ வீட்டுக்குப் போய் என்னிடம் வராத ஒரே வாரம் மட்டும் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன்.

உருவுவதே தப்பு என்றில்லை என்றார் மருத்துவர். ஆனால் இப்படிப்பட்ட உடம்பை அவ்வளவு அழுத்தமாக, அவ்வளவு நேரம் பிசைந்தால், அது நாள்கணக்கில் திருப்பி அடிக்கும். மென்மையாக, இருபது நிமிடம், கொதிநீர் வேண்டாம், மறுநாள் முக்கியமான வேலை வைத்துக்கொள்ளாதே. பிறகு தேர்வைப் பற்றிக் கேட்டார். உட்கார்ந்து பேசவும் நடுவில் இடைவேளை எடுக்கவும் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கலாம், நான் சான்று தருகிறேன் என்றார்.

நான் சலுகை கேட்டு வந்தவள் இல்லை என்றேன், கொஞ்சம் குரலை உயர்த்தியே.

"தேர்வில் தேற வேண்டுமா, முக்கால் மணி நேரம் நிற்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு அவர் சான்றை எழுதத் தொடங்கினார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. சரியாகச் சொன்னவர்கள்மேல் வரும் கோபம்.

அந்தச் சனிக்கிழமை அன்ரியிடம் சொன்னேன்.

"அப்ப என்ரை கை பிழையெண்டு சொல்லுறியோ? இந்தக் கையாலை எத்தினை தாய்மார் எழும்பி நடந்தவை தெரியுமோ?"

"கை பிழையில்ல அன்ரி. நான் குழந்தை பெத்தவ இல்ல. எனக்கு வேற உடம்பு."

எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "சரி, உன்ரை டொக்டர் என்னதான் செய்யச் சொன்னவ?"

"இருபது நிமிஷம். காலும் கழுத்தும். மெதுவா."

"இருபது நிமிசத்துக்கு நான் பொபினியிலையிருந்து மெத்ரோ ஏறி வரவேணுமோ? ஒபர்வில்லியேயிலை ரெண்டு மணிக்கு ஒரு பச்சைக்குழந்தை எனக்குக் காத்துக்கொண்டிருக்கு." சொல்லிக்கொண்டே என் காலைத் தன் மடிமேல் இழுத்துக்கொண்டார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, சோம்பலாக, வேறெங்கோ பார்த்தபடி உருவினார். இருபத்திரண்டாவது நிமிடத்தில், "இது வேலையோ?" என்று கையைத் துடைத்தார்.

ஞாயிறு வலி இருந்தது, எப்போதும் இருக்கும் அளவுக்கு. திங்கள் கூட்டத்துக்குப் போனேன். இதை யாருக்கும் அற்புதம் என்று சொல்ல மாட்டேன். போனேன், உட்கார்ந்தேன், இரண்டு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தில் 'ஊனம் அல்லது நீண்டகால நோய்' என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்று நாள் அதை நிரப்பாமல் வைத்திருந்தேன். இன்று காலை நிரப்பி, சான்றை இணைத்து, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டேன். நான் கேட்டது இவ்வளவுதான்: உட்கார்ந்து பேச அனுமதி, நடுவில் கால் மணி நேர இடைவேளை, தேர்வு ஜூனிலேயே. மேற்பார்வையாளருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். ஒத்திகைக்கு முந்தின இரவு நான் சரியாகத்தான் தூங்கியிருந்தேன் என்று அதன் மேல் ஒரு வரி சேர்த்து எழுதினேன்.