நிலா மனிதன் வீடு திரும்பிய சனிக்கிழமை

1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இடியோடு மழை. எங்கள் லயத்து வீட்டில், அம்மை கண்ட என் தங்கை வேப்பிலைப் படுக்கையில் அழுதுகொண்டிருந்தாள். அரிப்புக்காக அல்ல. ஐந்தரை மணிக்கு நிலா மனிதன் வீடு திரும்புவானா மாட்டானா என்பது தெரியப்போகிறது; அதைப் பார்க்க அவளால் போக முடியாது.

நிலா மனிதன் களிமண்ணால் ஆனவன். தோட்டத்தின் ஒரே தொலைக்காட்சிப் பெட்டி, கணக்கெழுதும் கிராணியின் வீட்டில் இருந்தது. சனிதோறும் நாங்கள் பதினேழு பிள்ளைகள் அவர் சன்னலில் தொங்குவோம். அவனுடைய ராக்கெட் ஒரு பவுடர் டின் என்பதை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டோம். நட்சத்திரங்களைக் கட்டிய நூல்கூடத் தெரியும். ஒவ்வோர் அசைவுக்கும் யாரோ அவனைக் கையால் நகர்த்திவைத்துப் படம் பிடிக்கிறார்கள் என்று கிராணி மகன் சொன்னான். அதனால்தான் அவன் நடக்கையில் வயிற்றில் ஒரு கட்டைவிரல் ரேகை தோன்றித் தோன்றி மறையும். நான் எதற்கும் கவலைப்படுகிற பிள்ளை. அந்த ரேகையைக் கண்டால் மட்டும் நிம்மதியாக இருக்கும். அவ்வளவு தூரம் வந்தவனை யாரோ தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள் அல்லவா.

பூமியில் விழுந்தவன் ஊர் திரும்ப வழி தேடுவதுதான் கதை. பதினொரு வாரம் தேடினான். பன்னிரண்டாவது, கடைசி வாரத்தில் எங்கள் வீட்டில் அம்மை. அம்மை கண்ட வீட்டுப் பிள்ளைகள் இன்னொரு வாசலை மிதிக்கக் கூடாது. எனக்கும் தடை.

"அவன் வீட்டுக்குப் போகாட்டி இங்கயே செத்துருவானா?" என்று தங்கை விசும்பினாள்.

விடியலில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து படுத்திருந்த அப்பா எழுந்தார். சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "நா போயி பாத்துட்டு வாரேன்."

"சின்னப் புள்ளைங்க படத்துக்கா? கிராணி வீட்டுல சிரிப்பாங்கலா," என்றாள் அம்மா.

"சிரிக்கட்டும். நா உள்ள போகல, வெளிய நின்னு பாக்குறேன்."

ஆறேகாலுக்குச் சொட்டச் சொட்ட வந்தார். கையில் ஓர் உருண்டை களிமண். அப்பாவும் நானும் சேர்ந்து அதில் நிலா மனிதனைப் பிடித்தோம். தலையில் இரண்டு வேப்பங்குச்சி. வயிற்றில் அப்பாவின் கட்டைவிரல் பதிந்தது, பால்வெட்டுக் கத்தி கீறிய குறுக்குக் கோட்டோடு. படக்கருவி தங்கையின் கண்கள்தான். அவள் மூடும்போது அப்பா அவனை நகர்த்துவார்.

"மூடு... தொற. மூடு... தொற."

திறக்கும்போதெல்லாம் அவன் ஒரு விரற்கடை முன்னால் இருந்தான். அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவன் ராக்கெட்டில் ஏறினான், நிலவில் இறங்கினான். அங்கே அவனுடைய அம்மா மண்ணெண்ணெய் விளக்கோடு வாசலில் நின்றாளாம். உள்ளே கூட்டிப்போய் அவித்த மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் வைத்தாளாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நெலாவுல மரவள்ளி ஏதுப்பா?"

"அங்கயும் தோட்டம் இருக்குலா. டிவியில காட்டுனான். நீயா பாத்த?"

தங்கை என்னை முறைத்தாள். நாற்பத்திரண்டாவது தடவை மூடிய கண்ணை அவள் திறக்கவில்லை; தூங்கிப்போயிருந்தாள். அப்பா அதன் பிறகும் அவனை இரண்டு முறை நகர்த்தி, வாசலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

அம்மை இறங்கி, தங்கைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நான் மறுபடி பள்ளிக்குப் போனபோது தொலைக்காட்சியில் வேறு தொடர் வந்துவிட்டது. பழையதை யாரும் பேசவில்லை.

அப்பா இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஈப்போவில் ஒரு தேநீர்க் கடையில் கிராணி மகனைப் பார்த்தேன். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. அந்த மரவள்ளிக் காட்சி நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"எந்தக் காட்சி? அன்னிக்குத்தான் இடி மழையில ஆண்டெனா சாஞ்சு போச்சே. வெறும் புள்ளிதான் ஓடுச்சு. புள்ளைங்க எல்லாம் வீட்டுக்கு ஓடிட்டாங்க. ஒங்கப்பாதான் நகரல. 'இப்ப வந்துருமா தம்பி, இப்ப வந்துருமா'ன்னு கேட்டுக்கிட்டு ஆறு மணி வரைக்கும் சன்னலுக்கு வெளிய நின்னாரு."

நிலவில் மரவள்ளி எப்படி விளைந்தது என்பது பத்து வயதில் எனக்குப் புரியவில்லை.

தேநீர் இரண்டு, ரொட்டி ஒன்று: ஐந்து வெள்ளி இருபது காசு. பத்து வெள்ளித் தாளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நான் மீதி வாங்காமல் வந்தது அந்த ஒரு தடவைதான்.