டாலா படகில் லிபியா

பர்மாவில், யாங்கோன் ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் போகும் படகின் பின்னாலேயே கடற்காக்கைகள் பறந்து வருகின்றன. டாவ் லட்சுமி அவற்றுக்குப் பொரி வீசுகிறார்; மூத்த பெண்களை இங்கே மரியாதையாக டாவ் என்பார்கள். நான் போனில் பேசியதைக் கேட்டுத் தமிழில் பேச்சுக் கொடுத்தவர். கன்னத்தில் தனக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசியிருக்கிறார். பறவைக்குத் தீனி போடும் புண்ணியம் மகன் பேரில் சேரட்டும் என்கிறார். மகன் லிபியாவில், பெங்காசியில் கட்டட வேலை செய்கிறான்.

நானும் லிபியாவில் சில வருஷம் வேலை பார்த்தவன் என்றதும் கையைப் பிடித்துக்கொள்கிறார். "எப்படிப்பட்ட ஊரு தம்பி?"

ஈரப் பலகையில் விரலால் வரைந்து காட்டுகிறேன். மேலே கடல், கீழே முழுக்க மணல். மேற்கே திரிப்போலி, கிழக்கே பெங்காசி. நாற்பது வருஷம் ஒரே ஆள் ஆண்டான். அவனைக் கொன்ற அன்றைக்கு ஜனங்கள் தெருவில் ஆடினார்கள். இப்போது மேற்கில் ஒரு அரசாங்கம், கிழக்கில் ஒரு அரசாங்கம்.

"ரெண்டுக்கும் பட்டாளம் இருக்கா?"

"இருக்குக்கா."

"இங்க பட்டாளத்துக்குப் புடிச்சிட்டுப் போயிருவாங்கன்னுதானே அனுப்புனேன்." மிச்சப் பொரியை மொத்தமாக ஆற்றில் கொட்டிவிடுகிறார்.

டாலா துறையில் சிப்பாய்கள் நிற்கிறார்கள். வாலிபர்கள் எல்லாம் தனியே வரவேண்டும் என்று ஒருவன் கத்துகிறான். நாங்கள் இறங்குகிறோம்: கூடைக்காரிகள், கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், தலை நரைத்த நான். தனியே போய் நிற்க எங்கள் படகில் ஒருத்தன்கூட இல்லை.